பரணில் கிடந்த காவிரி

போகிக்கு முதல் நாள் பரணில் ஏறாத இல்லத்தரசி நம்மில் யாராவது உண்டா, சகோதரிகளே? உடைந்த முறம், கைப்பிடி போன வாணலி, பிள்ளைகளின் பழைய நோட்டுகள் என்று கீழே தள்ளத் தள்ள, மனசிலேயே ஒரு பாரம் குறைந்த மாதிரி இருக்கும். இந்தப் பகுதியில் வழக்கமாக வடகம், வத்தல், பிள்ளைகளின் சளி, இருமல் என்றுதான் உங்களோடு பேசுவேன். இந்தத் தடவை ஒரு படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலே நான் செய்த ஒரு தப்பையும் ஒளிக்காமல் சொல்லப் போகிறேன். நீங்களாவது அதைச் செய்யாமல் இருக்க வேண்டும்.

கிழிந்த கோரைப் பாய்க்குள் சுருட்டி வைத்திருந்தது அந்தக் கண்ணாடிப் படம். சட்டத்தில் கறையான் ஓடிய தடம். கண்ணாடியில் ஒரு மூலை விரிசல். உள்ளே அகலமான ஒரு ஆறு, கரையில் மரங்கள், பின்னால் பெரிய பாறை, பாறை உச்சியில் கோயில். "இதுவும் நெருப்புக்குத்தான்" என்று வாசல் பக்கம் சாய்த்து வைத்தேன். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் மாமியார் அப்படியே எழுந்துவிட்டார்.

"ஏம்மா, உன் புருஷன் அதைப் பாத்துத்தாம்மா சோறு துன்னான்! அதைப் போயி கொளுத்தப் பாக்கிறியே!"

அப்புறம்தான் கதை வந்தது. என் மாமனாரின் அப்பா சென்னையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். 1947-ல் துரை சீமைக்குப் போகும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டாராம். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று கூவி முடிப்பதற்குள் தாத்தா கையைத் தூக்கி, ஒரு தேக்கு நாற்காலி, ஒரு சுவர்க் கடிகாரம், இந்தப் படம் மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் வந்து சேர்ந்தார். நாற்காலி பாகப்பிரிவினையில் கொழுந்தனார் வீட்டுக்குப் போனது. கடிகாரம் எப்போதோ நின்று போனது. படம் மட்டும் கூடத்துச் சுவரில் தொங்கியதாம். அத்தை பிறந்த ஊர் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். அதனால் ஆற்றைக் காட்டிக் காட்டித்தான் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவாராம். "தோ பார், ஆத்துல தண்ணி! இந்த ஒரு வாய் வாங்கிக்கோ, அக்கரைக்குப் போலாம்." வீட்டுக்கு வெள்ளையடித்தபோது இறக்கிப் பரணில் வைத்தது, அங்கேயே தங்கிவிட்டது.

பொங்கல் கழிந்து நாலு நாள் இருக்கும். பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பித்தளை அண்டாவை விலை கேட்டவர், படத்தைப் பார்த்ததும் அண்டாவை விட்டுவிட்டார். "எழுநூறு ரூபா தரேம்மா, இப்பவே கொடுத்துடுங்க" என்றார். கறையான் அரித்த படத்துக்கு எழுநூறா! எனக்கே சந்தேகம் வந்தது. "வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் நர்ஸிங் படிக்கும் என் பெண் அன்று வீட்டில் இருந்தாள். செல்போனில் படத்தைப் பிடித்துத் தேடினாள். "அம்மா! இதே படம் லண்டன் ஏலத்துல வந்திருக்கும்மா!" என்று ஒரு கூச்சல். அந்தச் சத்தம் நாலு தெரு தாண்டிக் கொழுந்தனார் வீட்டுக்கும் எட்டிவிட்டது. சாயங்காலமே ஓரகத்தி வந்தாள். அவள் மகன், யாரோ ஒரு இங்கிலீஷ் ஓவியர் வரைந்த ஆற்றுப் படம் 2 கோடியே 24 லட்சம் பவுனுக்கு ஏலம் போனதாகப் படித்துக் காட்டினான். "அக்கா, தாத்தா சொத்துன்னா எங்களுக்கும் பாதி உண்டு இல்ல?" என்றாள் ஓரகத்தி. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அன்று காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ராத்திரி தூக்கமில்லை. பெண்ணுக்கு இரண்டாம் வருஷப் பணம் கட்ட வேண்டிய நேரம். இந்தப் படம் பெருமாள் அனுப்பியது என்றே நினைத்துக்கொண்டேன். விற்கிற பொருள் பளிச்சென்று இருந்தால்தானே நாலு காசு கூட வரும்? பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துத்தானே சந்தைக்கு அனுப்புகிறோம்? மறுநாள் எல்லாரும் வெளியே போனதும் சட்டத்தின் பின் ஆணிகளை நெம்பிப் படத்தை எடுத்தேன். ஈரத் துணியில் துளி சோப்பு தொட்டு, இடது பக்கத்து மேல் மூலையில் மஞ்சளாக இருந்த வானத்தை மெள்ளத் துடைத்தேன். அழுக்கு வந்தது. சந்தோஷமாக இன்னொரு தடவை துடைத்தேன். துணியைத் திருப்பிப் பார்த்தால் நீலம்! வானம் என் துணிக்கு வந்துவிட்டது. படத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் பழுப்புத் தாள்.

கை கால் ஓடவில்லை. துணியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஆனால் மறைத்து வைத்து என்ன செய்வது? எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். இரண்டு நாள் கழித்து அவரை வரச் சொல்லி, படத்தையும் துணியையும் சேர்த்தே முன்னால் வைத்தேன்.

மாஸ்டர் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து அரை மணி நேரம் படத்தையே பார்த்தார். பிறகு, "இது யார் படம் தெரியுமாம்மா? டேனியல் போட்டது" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதையும், பிறகு பெண்ணை விட்டுத் தேடிப் படிக்கச் சொன்னதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்று இரண்டு பேர். சித்தப்பாவும் அண்ணன் மகனும். தாமஸ் 1749-ல் தேம்ஸ் நதிக்கரையில் கிங்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தவர். 1786-ல் இரண்டு பேரும் கல்கத்தா வந்தார்கள். வில்லியம் அப்போது மீசை அரும்பாத பையன். வடநாடெல்லாம் சுற்றி வரைந்துவிட்டு 1792-ல் கப்பலில் சென்னைக்கு வந்தார்கள். பல்லக்கும் ஆள்படையுமாகக் கிளம்பிக் கன்னியாகுமரி வரைக்கும் போனார்கள். திருச்சி மலைக்கோட்டையைக் காவிரியிலிருந்து பார்த்து வரைந்தார்கள். பாபநாசம் அருவி, குற்றால அருவி, தஞ்சைப் பெரிய கோயில், நம் பக்கத்து மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்கள் எல்லாம் அவர்கள் தாளில் ஏறின. நம் அத்தை பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியது அந்தக் காவிரியைக் காட்டித்தான்.

1793-ல் சென்னைக்குத் திரும்பியவர்களுக்குக் கைச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? வரைந்த படங்களைச் சென்னையில் லாட்டரி போட்டு விற்றார்கள்! சீட்டு வாங்கியவருக்கு எந்தப் படம் விழுகிறதோ அது. எனக்கு உடனே நம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்தான் ஞாபகம் வந்தது. பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறதே, பேர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுத்து, ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த கதை! அதே மாதிரி சீட்டு எடுத்து ஆற்றையும் மலையையும் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் அந்தக் காலத்துத் துரைமார்கள்.

ஊருக்குப் போன பிறகு அவர்கள் 1795 முதல் 1808 வரைக்கும் மொத்தம் 144 படங்களை அச்சுப் போட்டு வெளியிட்டார்கள். 'ஓரியண்டல் சீனரி' என்று பேர். அச்சு என்றால் நம் காலண்டர் அச்சு இல்லை. செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடு காட்டினால் தூள் ஒட்டிக்கொள்ளும். அதைத் திராவகத்தில் நனைத்தால், தூளுக்கு இடையில் உள்ள செம்பு மட்டும் அரிபடும். எங்கே அதிக நேரம் அரிக்கிறதோ அங்கே இருட்டு. பிறகு மை தடவி, ஈரத் தாளை வைத்து அழுத்தி எடுப்பார்கள். அதற்கு மேலே ஒவ்வொரு தாளுக்கும் கையால் தண்ணீர்ச் சாயம் பூசுவார்கள்.

தண்ணீர்ச் சாயம்! இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. மாஸ்டர் என் துணியைக் கையில் எடுத்து நீலத்தைப் பார்த்தார். "காலண்டர் படமா இருந்தா இவ்வளவு சுலபமா நிறம் வந்திருக்காதும்மா. இது கையால சாயம் பூசின படம்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க" என்றார். அசல் என்று தெரிந்துகொண்டதும் அதைக் கெடுத்ததும் ஒரே துணியால்தான்!

துடைக்காமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதாம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் காலண்டர் அச்சில் வரிசை வரிசையாகச் சிவப்பு, நீலம், மஞ்சள் புள்ளிகள் தெரியும். செப்புத் தகட்டு அச்சில் புள்ளி வரிசை இராது. கோடையில் ஏரி மண் வெடித்துக் கிடக்குமே, அந்த மாதிரி ஒழுங்கில்லாத பொடி வலை தெரியும். தகடு அழுத்திய விளிம்பும் தாளில் லேசான பள்ளமாக இருக்கும். எங்கள் படத்தில் பொடி வலை இருக்கிறது. பள்ளம் இல்லை. சட்டத்துக்குள் அடக்க யாரோ நாலு பக்கமும் வெட்டியிருக்கிறார்கள். அடியில் இருந்த பேரும் வருஷமும் அதோடு போய்விட்டன.

"அப்போ அந்த ரெண்டு கோடி பவுனு?" என்று கேட்டான் ஓரகத்தி மகன். அது வேறே கதை. ஜான் கான்ஸ்டபிள் என்ற ஓவியர் 1824-ல் வரைந்த 'தி லாக்' என்ற தைல வண்ணப் படம். ஸ்டவர் என்ற ஆற்றில் படகை இறக்குகிற மதகு. அவர் அப்பா அந்த ஆற்றங்கரையில் மாவு மில் வைத்திருந்தவர். 2012-ல் லண்டன் ஏலத்தில் அவ்வளவு விலைக்குப் போனது உண்மைதான். ஆனால் அது அவர் கைப்பட வரைந்த தைலப் படம். எங்களுடையது ஒரே தகட்டில் பல தாள் எடுத்ததில் ஒரு தாள். 144-ம் சேர்ந்த முழுத் தொகுதிக்கு ஒரு விலை, தனித் தாளுக்கு ஒரு விலை, வெட்டிய தாளுக்கு ஒரு விலை. வெட்டி, பூச்சி அரித்து, வானமும் போன தாளுக்கு? "சொற்பம்தாம்மா" என்றார் மாஸ்டர். கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஏலத்தில் ஒரு வார்த்தைக்கு என்ன மதிப்பு என்றும் அன்றுதான் தெரிந்தது. ஏலப் புத்தகத்தில் ஓவியர் பேரை வெறுமனே போட்டிருந்தால், அவர் வரைந்தது என்று அவர்களே சொல்கிறார்கள் என்று அர்த்தம். 'அவருடையதாகக் கருதப்படுவது' என்றால் ஒரு படி கீழே. 'அவர் வட்டத்தைச் சேர்ந்தவர்', 'அவரைப் பின்பற்றியவர்', 'அவர் பாணியில்' என்று இறங்கிக்கொண்டே வந்து, 'அவர் படத்தைப் பார்த்து வரைந்தது' என்று முடியும். படிக்குப் படி விலையும் இறங்கும். 'பின்பற்றியவர்' என்று எழுதிய ஒரு கான்ஸ்டபிள் படம் 2013-ல் லண்டனில் 3,500 பவுனுக்குப் போனது. மேலே பூசியிருந்த பிற்கால வண்ணத்தை நிபுணர்கள் நீக்கிப் பார்த்ததில் அவர் கையே என்று முடிவானது. 2015-ல் நியூயார்க்கில் 52 லட்சம் டாலர்! அங்கேயும் துடைத்துத்தான் விலை ஏறியது. ஆனால் துடைத்தது படித்த கை, நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு. என் கை மாதிரி சோப்புத் துணியோடு இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப் பொருளுக்கு நம் நாட்டில் 1972-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட பொருளை நாம் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அதை வாங்கி விற்கும் தொழில் செய்கிறவரிடம் அரசாங்க லைசென்ஸ் இருக்க வேண்டும். பழைய ஓவியம், சிலை மாதிரியானவற்றை வைத்திருப்பவர் தொல்லியல் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாசலில் வந்து "இப்பவே கொடுத்துடுங்க" என்கிறவரிடம் முதலில் லைசென்ஸைக் கேளுங்கள். எங்கள் வாசலுக்கு வந்தவர் மறு வாரம் திரும்பி வந்தார். கேட்டேன். "அப்புறம் வரேம்மா" என்று போனவர்தான்.

சரி, உங்கள் வீட்டுப் பரணிலோ பூஜை அறையிலோ பழைய படம் இருந்தால் என்ன செய்யலாம்? மாஸ்டர் சொன்னவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

1. படத்தின் மேல் தண்ணீர், சோப்பு, எண்ணெய், விபூதி எதுவும் படக் கூடாது. உருளைக்கிழங்கையோ வெங்காயத்தையோ வெட்டித் தேய்க்கிற கைவைத்தியமும் வேண்டாம்.

2. கண்ணாடியைத் துடைப்பதானால் துணியை வேறு இடத்தில் நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். கண்ணாடி மேல் நேராகத் தண்ணீர் தெளித்தால் சட்டத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கும்.

3. வெயில் நேராக விழும் சுவரிலோ சமையலறை, குளியலறைச் சுவரிலோ மாட்ட வேண்டாம். வெயிலில் சாயம் வெளுக்கும். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

4. சட்டத்தின் பின்னால் இரண்டு கார்க் துண்டு ஒட்டிவிட்டால் சுவரின் ஓதம் படத்தில் ஏறாது. காற்றும் போய் வரும்.

5. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை காய்ந்து பழுப்புக் கறையாக நிற்கும். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். பிறகு பிரித்தெடுக்க முடியாது.

6. சட்டத்தில் அடங்கவில்லை என்று தாளின் ஓரத்தை வெட்டாதீர்கள். பேர், வருஷம் எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கும். சட்டத்தைப் பெரிதாகச் செய்யுங்கள்.

7. பழைய ஏலச் சீட்டு, ரசீது, கடிதம் எதுவானாலும் படத்தோடு வைத்திருங்கள். எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள்.

8. விற்பதாக முடிவு செய்தால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து, விஷயம் தெரிந்த இரண்டு பேரிடமாவது காட்டுங்கள். ஏலத்தில் விடுவதானால், இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று குறைந்த விலை பேசி எழுதி வாங்குங்கள். ஏலக் கடையின் கமிஷன் எவ்வளவு என்றும் முன்பே கேளுங்கள். கை தூக்கியவர் சொன்ன தொகை முழுசும் நம் கைக்கு வராது.

பெண்ணின் பணம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். என் வளையல் மூன்று மாசம் பேங்கில் இருந்துவிட்டு வந்தது, அவ்வளவுதான். ஓரகத்தி வீட்டுக்கு நானே போய், நடந்ததை நடந்தபடி சொன்னேன். "துடைச்சது நான்தான், என்னாலதான் கெட்டுப் போச்சு" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "நானா இருந்தா முழுசா கழுவியே விட்டிருப்பேன் அக்கா" என்றாள். அன்று இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து காப்பி குடித்தோம்.

மாமியாரிடம் சொல்லத்தான் பயந்தேன். படத்தைக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். வெளுத்த மூலையை விரலால் தொடப் போனவர், தொடாமல் விட்டார். "வானந்தானே போச்சு. ஆறு அப்படியே கீதே!" என்றார். திருமுக்கூடல் ஆற்றில் தான் சின்ன வயசில் முட்டியளவு தண்ணீரில் துணி துவைத்த கதையை அன்று ராத்திரி முழுக்கச் சொன்னார். கோடையில் நாங்கள் அங்கே போனால் மணல்தான் இருக்கிறது.

மாஸ்டர் சொன்னபடி புளிப்பு ஏறாத அட்டை வைத்து, புதுச் சட்டம் போட்டு, வெயில் படாத உள்சுவரில் மாட்டியிருக்கிறோம். விற்பதில்லை என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து முடிவு செய்தோம். ஆறு மாசம் எங்கள் வீட்டில், ஆறு மாசம் கொழுந்தனார் வீட்டில். போன வாரம் ஓரகத்தியின் பேரப்பிள்ளை சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தது. அத்தை அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு படத்துக்கு முன்னால் போய் நின்றார். கிண்ணத்தில் இருந்த பருப்புச் சாதம் காலி!

நீங்களும் அடுத்த போகிக்குப் பரணில் ஏறும்போது, எதையும் கீழே தள்ளும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் சகோதரிகளே. கையில் ஈரத் துணி மட்டும் வேண்டாம்!